டிரைவர் நிரலில் வகைமாற்ற எச்சரிக்கைகளைச் சரிசெய்தல்

32 பிட் இயந்திரத்துக்கு எழுதிய லினக்ஸ் டிரைவரை (வன்பொருளை இயக்கும் நிரலை) 64 பிட்டுக்குக் கம்பைல் செய்தால், பாயின்டரை (நினைவக முகவரியைத் தாங்கும் மாறியை) வேறு அளவுள்ள முழு எண்ணாக மாற்றுவதாக எச்சரிக்கை வருவது வழக்கம். 64 பிட் லினக்ஸில் பாயின்டரும் லாங்கும் 8 பைட்; இன்ட் 4 பைட்தான்.

சாதன அட்டவணையில் சிப்பின் வகை எண்ணை வாய்ட் (வகை குறிக்காத) பாயின்டராகச் சேமித்திருந்தால், அதைத் திரும்ப எடுக்கும்போது முதலில் அன்சைன்ட் லாங்குக்கு மாற்றி, பிறகு இன்ட்டில் இடுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அன்சைன்ட் லாங் எப்போதும் பாயின்டரின் அளவிலேயே இருக்கும். எண் சிறியது என்பதால் எதுவும் இழக்கப்படாது.

டிஎம்ஏ முகவரிக்கு, அதாவது சாதனம் நினைவகத்தை நேரடியாக அணுகப் பயன்படுத்தும் முகவரிக்கு, இந்த வழி உதவாது. அதன் வகை, கெர்னலின் அமைப்பைப் பொறுத்து 32 பிட்டாகவோ 64 பிட்டாகவோ இருக்கும். அதை அச்சிடும் வரியில் எச்சரிக்கை வந்ததும் 32 பிட்டுக்குக் காஸ்ட் (கட்டாய வகைமாற்றம்) செய்தால் கம்பைலர் அடங்கிவிடும். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரியின் மேற்பாதி வெட்டுப்பட்டுத் தவறான எண் லாக்கில் பதிவாகும், அதை நம்பிப் பிழை தேடுபவர் வீணாக அலைவார். '%pad' என்ற வடிவக் குறியை இட்டு, மாறியின் மதிப்புக்குப் பதிலாக அதன் முகவரியைக் கொடுப்பதே சரி.

அதே முகவரியைச் சாதனத்தின் இரண்டு ரெஜிஸ்டர்களில் எழுதும்போது, கெர்னல் தரும் மேல் 32 பிட், கீழ் 32 பிட் மேக்ரோக்களைப் பயன்படுத்துங்கள்; மேற்பாதியை எடுக்க நீங்களே பிட்களை நகர்த்த வேண்டாம், ஏனெனில் 32 பிட் எண்ணை 32 இடங்கள் நகர்த்துவது சி மொழியில் வரையறுக்கப்படாத செயல்.

கெர்னல் நிரலைச் சோதிக்கும் ஸ்பார்ஸ் கருவி பைட் வரிசை குறித்து எச்சரித்தால் காஸ்ட் போட்டு மறைக்காமல், உரிய எண்டியன் (பைட் வரிசை) மாற்றுச் சார்பை அழையுங்கள்.