வெள்ளம் வருமுன் பணம் கேட்பது: கனடா பூர்வகுடி ஊர்களின் விண்ணப்பங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்டாரியோவில், ஜேம்ஸ் விரிகுடாவுக்குப் பக்கத்தில், ஆல்பனி ஆற்றங்கரையில் இருக்கிறது கஷெச்செவான் என்ற பூர்வகுடி ஊர். வசந்த காலத்தில் ஆற்றுப் பனிக்கட்டி உடையத் தொடங்கினால் வெள்ளத்துக்கு அஞ்சி ஊரே மூட்டை கட்டும். குழந்தை, கிழவர் எல்லாரும் விமானம் ஏறித் தூர நகரங்களில் போய்த் தங்குவார்கள். அந்தச் செலவுக்கு எப்படியோ பணம் வந்துவிடுகிறது. வெள்ளம் வருமுன் தடுப்புக்கரை போடக் கேட்டால்தான் இழுபறி. கனடாவின் தலைமைக் கணக்காய்வாளர் 2022-இல் இதை எண்ணிலேயே சொன்னார்: பூர்வகுடி ஊர்களைக் கவனிக்கும் மத்தியத் துறை, தடுப்புக்கும் ஆயத்தத்துக்கும் செலவிட்டதைப்போல் 3.5 மடங்கைப் பேரிடருக்குப் பின் செலவிட்டிருக்கிறது.

ஆக, முதல் குறை கொடுப்பவர் பக்கம்தான். ஆனாலும் ஊர் நிர்வாகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் கணக்காளரோ பொறியாளரோ நீங்கள் என்றால், நம் பக்கத்தில் சறுக்கும் இடங்களையும் பார்த்துவிடலாம்.

அதிகம் நடப்பது, தப்பான கதவைத் தட்டுவது. மத்தியத் துறையின் அவசரகால மேலாண்மை உதவித் திட்டத்தில் ஆபத்து மதிப்பீடு, வெள்ள வரைபடம், அவசரகாலத் திட்டம், பயிற்சி போன்றவற்றுக்குக் கேட்கலாம். மண்ணும் கல்லும் போட்டுக் கட்டுகிற தடுப்புக்கரைக்கு வேறு நிதி. அது உள்கட்டமைப்புப் பக்கம் இருக்கிறது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் குழைத்துக் கொடுத்தால் இரண்டும் நின்றுவிடலாம். வரைபடத்துக்கு முதலில் கேளுங்கள். எந்த வீடுகள் முழுகும் என்று அது காட்டியபின், அதையே ஆதாரமாக வைத்துக் கரைக்குக் கேளுங்கள்.

அடுத்தது, பொருளை மட்டும் கேட்பது. ஒரு ஜெனரேட்டர், இரண்டு பம்பு என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். டீசல் யார் வாங்குவது? மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது யார்? குழாய் உறைந்து வெடிக்காமல் வைக்கச் சூடான கொட்டகை இருக்கிறதா? இதற்கெல்லாம் ஒரு வரியும் இல்லையென்றால், ஆறு பொங்குகிற அன்று பம்பு கிளம்பாது. என்னைக் கேட்டால், பம்பைவிட முதலில் கேட்க வேண்டியது ஓர் ஆள்: இதையே வேலையாகப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளரின் சம்பளம்.

அப்புறம் காலக்கணக்கு. வட ஒன்டாரியோ, வட மனிடோபாவில் பல ஊர்களுக்கு ஆண்டு முழுக்க ஓடும் சாலை கிடையாது. ஏரியும் சதுப்பும் உறைந்தபின் போடுகிற பனிச்சாலையில் சில வாரங்கள்தான் லாரி ஓடும். குளிர்காலம் இளகி வருவதால் அந்த வாரங்களும் குறைகின்றன. அரசின் நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிகிறது. கோடையில் ஒப்புதல் வந்தால், சரக்கு ஊருக்குள் வரும்போது ஆண்டுக் கணக்கை மூடுகிற நேரம் ஆகிவிடும். விமானத்தில் ஏற்றினால் சரக்குக் கூலி பொருளின் விலையோடு போட்டி போடும். நகரத்து விலைப்பட்டியலை அப்படியே ஒட்டி வரவுசெலவு போட்டால் கையைக் கடிப்பது இங்கேதான். எந்த மாதம் எந்த வழியில் வரும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே எழுதுங்கள். தாமதமானால் அடுத்த ஆண்டுக்கு நீட்டிக்க முடியுமா என்பதையும் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

வெளியாள் எழுதித் தந்த அவசரகாலத் திட்டத்தைப் பெயர் மாற்றி இணைப்பதும் உண்டு. பழைய தலைவரின் தொலைபேசி எண் அதில் அப்படியே கிடக்கும். ஆறு முதலில் எந்த வளைவில் கரை தாண்டும், எந்தக் காட்டை எந்தப் பருவத்தில் அளவாக எரித்தால் பெருந்தீ ஆபத்து குறையும் என்று மூத்தவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் நேரத்துக்கான மதிப்பூதியத்தையும் சேருங்கள். வெளியே சொல்லக்கூடாது என்று அவர்கள் நினைப்பதை எழுதாமல் விடுங்கள்.

பேரிடர் நேரத்துச் செலவுக்கு ரசீது வைக்காமல் விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்தாலும் சரி.

ஒருமுறை பணம் வராததைத் தகுதியில்லை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. அதே 2022 அறிக்கையின்படி, தகுதி பெற்றும் நிதியில்லாமல் கிடப்பில் இருந்த கட்டுமானத் திட்டங்கள் 112. அவற்றில் 74 ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவை. வரிசையில் எங்கே இருக்கிறோம் என்று எழுத்தில் கேளுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா ஊர் என்றால், அங்கே நகராட்சிகளின் ஒன்றியம் நடத்தும் ஆயத்த நிதிக்குப் பூர்வகுடி ஊர்களும் விண்ணப்பிக்கலாம். முதல் விண்ணப்பத்துக்குச் சேர்த்த வரைபடமும் விலைப்பட்டியலும் அங்கேயும் உதவும்.