விஎம் முதல் பூட்டிலேயே தயாராக: கிளவுட்-இனிட் செய்முறை

புதிய விஎம் (மெய்நிகர் கணினி) ஒவ்வொன்றிலும் நுழைந்து யூசர் உருவாக்கி, எஸ்எஸ்ஹெச் கீ (தொலைவிலிருந்து பாஸ்வேர்ட் இல்லாமல் நுழைய உதவும் சாவி) சேர்த்து, பேக்கேஜ் நிறுவும் வேலையை, லினக்ஸின் முதல் பூட்டில் தானே அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் என்ற கருவியிடம் விட்டுவிடலாம். இரண்டு சிறு டெக்ஸ்ட் ஃபைல்களும் (யூசர்-டேட்டா, மெட்டா-டேட்டா) அவற்றை அடக்கிய ஒரு ஐஎஸ்ஓவும் (சிடி வடிவ ஃபைல்) போதும். கீழே வரும் ஃபைல் பெயர்களையும் கட்டளைகளையும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

1. இமேஜ்

வழக்கமான இன்ஸ்டாலர் ஐஎஸ்ஓ வேண்டாம். சிஸ்டம் ஏற்கெனவே நிறுவப்பட்ட டிஸ்க் ஃபைலான கிளவுட் இமேஜை இறக்குங்கள். டெபியன் என்றால் 'ஜெனரிக்' வகையை எடுங்கள். 'நோகிளவுட்' என்ற பெயரில் இருக்கும் இமேஜில் கிளவுட்-இனிட் கிடையாது. பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர். டிஸ்க் சிறியதாக இருந்தால் 'கியூஇஎம்யூ-ஐஎம்ஜி ரீசைஸ்' கட்டளையால் 20 ஜிபிக்கு உயர்த்துங்கள். ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதி) முதல் பூட்டில் தானே விரியும்.

2. யூசர்-டேட்டா

பெரும்பாலான கோளாறுகள் பிறக்கும் இடம் இதுதான். முதல் வரியில் ஹேஷ் குறி, அதையொட்டி இடைவெளி இல்லாமல் 'கிளவுட்-கான்ஃபிக்'. இந்த வரி பிசகினால் கீழே எழுதியது எதுவும் செயல்படாது. இது யாமல் (உள்தள்ளலால் அமைப்பைக் காட்டும் ஃபைல் வடிவம்) என்பதால் உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டுமே, டேப் கூடாது.

'யூசர்ஸ்' பட்டியலில் உங்கள் யூசரை மட்டும் எழுதினால் டிஸ்ட்ரோவின் (டெபியன் போன்ற லினக்ஸ் வகையின்) வழக்கமான யூசர் உருவாகாது. அதுவும் வேண்டுமென்றால் 'டீஃபால்ட்' என்று ஒரு வரி சேருங்கள். பாஸ்வேர்ட் நுழைவு இயல்பாகவே பூட்டப்பட்டிருக்கும். எஸ்எஸ்ஹெச் கீயைத் தவறாக ஒட்டினால் உள்ளே போக வழியில்லை.

ஃபைல்களை எழுதும் 'ரைட்_ஃபைல்ஸ்' பகுதி, யூசர் உருவாகும் முன்பே ஓடும். புது யூசருக்குச் சொந்தமாக ஃபைல் வேண்டுமானால் 'டிஃபர்: ட்ரூ' கொடுங்கள். உங்கள் கட்டளைகளை ஓட்டும் 'ரன்சிஎம்டி' (runcmd) பகுதி ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள யூசராக, ஓடுவதால் அந்த அதிகாரத்தைத் தரும் சூடோ தேவையில்லை.

பூட்டுக்கு முன் 'கிளவுட்-இனிட் ஸ்கீமா' கட்டளையால் ஃபைலைச் சரிபார்த்துவிடுங்கள்.

3. மெட்டா-டேட்டா, ஐஎஸ்ஓ

மெட்டா-டேட்டாவில் 'இன்ஸ்டன்ஸ்-ஐடி', 'லோக்கல்-ஹோஸ்ட்நேம்' என இரண்டே வரிகள். பிறகு 'கிளவுட்-லோக்கல்டிஎஸ்' கட்டளையால் இரண்டு ஃபைல்களையும் ஐஎஸ்ஓவாக்குங்கள். வேறு கருவி என்றால் வால்யூம் லேபிள் சி-ஐ-டி-ஏ-டி-ஏ (cidata) என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளவுட்-இனிட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

4. பூட்

ஐஎஸ்ஓவை சிடி டிரைவாக இணைத்து விஎம்மை ஓடவிடுங்கள். உள்ளே 'கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ்' கட்டளையை 'வெயிட்' ஆப்ஷனோடு கொடுத்தால் வேலை முடியும்வரை காத்திருக்கும். உங்கள் கட்டளைகளின் வெளியீடு 'வார்-லாக்' ஃபோல்டரில் 'கிளவுட்-இனிட்-அவுட்புட்' லாகில் கிடைக்கும்.

திருத்தியும் மாறவில்லையா?

ரீபூட் செய்து பயனில்லை. அதே இன்ஸ்டன்ஸ்-ஐடி இருக்கும்வரை இது பழைய விஎம்தான் என்று கருதி, முதல் பூட் வேலைகளைத் தவிர்த்துவிடும். ஐடியை மாற்றி ஐஎஸ்ஓவை மறுபடி உருவாக்குங்கள், அல்லது 'கிளவுட்-இனிட் கிளீன்' கொடுத்து ரீபூட் செய்யுங்கள். ஆனால் கிளீன் ஏற்கெனவே உருவான யூசரையோ பேக்கேஜையோ நீக்காது. சோதனைக்கு, மூல இமேஜின் மேல் ஓவர்லே டிஸ்க் (மாற்றங்களை மட்டும் தனியே சேமிக்கும் டிஸ்க் ஃபைல்) போட்டு, தவறினால் அதை அழிப்பதே சுத்தமான வழி.

ஒருமுறை பூட்டான டிஸ்க்கை டெம்ப்ளேட்டாக நகலெடுப்பதானால் 'மெஷின்-ஐடி' (ஒவ்வொரு கணினிக்கும் உரிய தனி அடையாள எண்) ஆப்ஷனோடு கிளீன் செய்யுங்கள். விட்டுவிட்டால் நகல்கள் எல்லாம் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடம் ஒரே ஐபி முகவரியைக் கேட்டு மோதக்கூடும்.