ஸ்பெக்ட்ரமில் 5 விசைகள் மட்டும் செத்துப்போனால்

என் 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியில் க்யூ தொடங்கி இடது பக்கத்து 5 விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை. கனெக்டரைச் சுத்தம் செய்தேன், டயோடுகளை அளந்தேன், விசைப்பலகையைப் படிக்கும் யூஎல்ஏ சிப்பைக்கூட மாற்றிப் பார்த்தேன். நாட்கள்தான் வீண்.

விசைகள் எந்தக் கூட்டமாகச் செத்துப்போகின்றன என்பதில்தான் விடை இருந்தது. மொத்தம் 40 விசைகள், 8க்கு 5 மின்கட்டம். விசைகளுக்கு அடியில் இருக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளிலிருந்து 8 தடம் உள்ள நாடா ஒன்றும் 5 தடம் உள்ள நாடா ஒன்றும் கணினிக்குள் இறங்குகின்றன. ஐந்து சேர்ந்து போனால் 8 தட நாடாவில் ஒரு தடம் அறுந்திருக்கலாம். எட்டு போனால் 5 தட நாடாவில். லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: கனெக்டருக்குச் சற்று மேலே மயிரிழை விரிசல். பழைய பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

சரி, புது மெம்பிரேன் வாங்கினேன். முகப்புத் தகடு இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியிருக்கும். ஹேர் டிரையரால் சூடாக்கி மெதுவாகக் கிளப்ப வேண்டும், அவசரப்பட்டால் வளைந்துவிடும். நாடாவை மடிக்காமல் நேராக இறக்கினேன். எல்லா விசையும் வந்துவிட்டது. அப்பாடா!