கூட்டுக் கம்பெனி தொடங்க: முதலில் பத்திரம், அப்புறம் லைசென்ஸ்

திருப்பூரில் ஒரு சின்ன ஷெட்டில் இரண்டு பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டாலும் அதற்குப் பெயர் 'கம்பெனி'தான். காகிதத்தில் பார்த்தால் பல இடங்களில் அது மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனமாக இருக்கும். அப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

இரண்டு பேர் கூட்டுச் சேர அரசின் அனுமதி தேவையில்லை. விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 19-வது பிரிவே தருகிறது. எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கும் முறையை 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று சாடிய ராஜாஜி நம் பக்கத்து ஆள்தான். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், திருச்செங்கோடு அருகே ஆசிரமம் நடத்தியவர். அவர் சாடிய தொழில் உரிமங்களில் பெரும்பாலானவை 1991-ல் போய்விட்டன. இன்று கூட்டாளிகளைச் சிக்கலில் மாட்டிவிடுவது பெரும்பாலும் அவர்கள் எழுதாமல் விட்டதுதான்.

படி 1: பத்திரம், அதாவது கூட்டாளிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம். இதற்கு ஒரு வாரம் செலவழித்தாலும் தப்பில்லை. நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தில் 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் தன் விதியை வைத்துக்கொள்ளும். நீங்கள் 7 லட்சம், அவர் 3 லட்சம் போட்டீர்கள். லாபப் பங்கு பற்றிப் பேச்சே இல்லை என்றால் சரிபாதிதான். முழுநேரமும் கம்பெனியில் கிடக்கும் கூட்டாளிக்குச் சம்பளம் என்று எழுதவில்லையா? கேட்க முடியாது. மூன்று பேரில் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் தொடர்வார்கள் என்று எழுதவில்லையா? நிறுவனமே கலைந்துவிடும்.

கடன் விஷயம் இன்னும் கடுமை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஒருவர் வடக்கே போகிறார், இன்னொருவர் திருச்செங்கோட்டில் கணக்குப் பார்க்கிறார் என்று வையுங்கள். அங்கே தொழிலுக்காக வைத்த டீசல் பாக்கிக்கு ஊரில் இருப்பவரும் முழுசாகப் பொறுப்பு. அவருடைய தோட்டம்கூட அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். அதனால் பெயருக்கு இருக்கட்டும் என்று அம்மாவையோ மனைவியையோ கூட்டாளியாகச் சேர்க்காதீர்கள்.

படி 2: நிறுவனப் பதிவு. சட்டப்படி இது கட்டாயமில்லை, அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். நாங்களும் விட்டோம். ஒரு பார்ட்டி ஜாப் ஒர்க் (அவர்கள் துணியை வாங்கிக் கூலிக்குச் செய்து தரும் வேலை) பில்லைத் தராமல் இழுத்தடித்தபோது வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "ஃபர்ம் ரிஜிஸ்டர் பண்ணியாச்சுங்களா?" பதிவில்லாத நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மீது வழக்குப் போடுவதை அதே கூட்டாண்மைச் சட்டத்தின் 69-வது பிரிவு தடுக்கிறது; ஆனால் வெளியாள் உங்கள் மீது தாராளமாகப் போடலாம். பத்திரத்தை நோட்டரியிடம் கொடுத்துச் சீல் வாங்குவது வேறு, நிறுவனத்தைப் பதிவது வேறு. பதிவுக்குப் போக வேண்டிய இடம் மாவட்டப் பதிவாளர் அலுவலகம். பிறகு புது ஆள் சேர்ந்தால் அவர் பெயரையும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.

படி 3: நிறுவனத்தின் பெயரில் பான் கார்டு, கரண்ட் அக்கவுண்ட். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

படி 4: ஜிஎஸ்டி. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை என்பதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஜாப் ஒர்க் என்பது சேவை. அதற்கு எல்லை 20 லட்சம். வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்றால் பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும்.

படி 5: உத்யம், அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு. அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டம் கைகொடுக்க இந்தப் பதிவு வேண்டும்.

படி 6: இடம். உள்ளாட்சி உரிமம் ஒருபுறம் இருக்கட்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்கள் தொழிலை மாசின் அளவைப் பொறுத்து எந்த நிறப் பிரிவில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். சாயப்பட்டறை, மாசு அதிகமான சிவப்புப் பிரிவு. சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்த வழக்கில், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. தொழில் முடங்கியதில் எனக்கும் வருத்தம்தான், ஆனால் நொய்யல் தண்ணீரை நம்பி வயல் வைத்திருந்தவருக்கும் ஒரு தொழில் சுதந்திரம் இருந்ததே. தைப்பது, செக்கிங், பேக்கிங் மட்டும் என்றால் கவலை குறைவு. பிற்காலத்தில் சலவையோ பிரிண்டிங்கோ சேர்க்கும் எண்ணம் இருந்தால், அதற்கு அந்த இடத்தில் வாரியத்தின் இசைவாணை (அனுமதி) கிடைக்குமா என்று விசாரித்துவிட்டே ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.