சூடாக்கினால் கரையாது: அருமண் பிரிப்பில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

அருமண் தனிமங்கள் மொத்தம் 17. லாந்தனம் முதல் லுட்டீஷியம் வரை 15, கூடவே இட்ரியமும் ஸ்காண்டியமும். பெயரில் அருமை இருக்கிறதே தவிர, பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறைய தாமிரம் அளவுக்கு இருக்கிறது. பாறையிலிருந்து கழற்றி எடுப்பதும், எடுத்த பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதும்தான் பாடு. தாமிரம், துத்தநாகம் என்று பழகிய கையோடு இதற்குள் வருகிறவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். அங்கே கைகொடுத்த பழக்கம் இங்கே காலை வாரிவிடும். போதாக்குறைக்கு, தவறு நடக்கிற தொட்டி ஒன்று, அது தெரியவருகிற தொட்டி வேறு.

முதல் தவறு தாதுவைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது: மொத்த அருமண் ஆக்சைடு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்ப்பது. கலிஃபோர்னியாவின் மவுன்டன் பாஸ் சுரங்கத்துத் தாதுவில் அது 7, 8 சதவீதம் வரை தேறும். ஆனால் அந்த அருமண்ணில் ஐந்தில் நான்கு பங்கு லாந்தனமும் சீரியமும்தான். காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் சுமார் 12 சதவீதம், பிரேசியோடிமியம் 4 சொச்சம். டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் பெயருக்குத்தான். தென் சீனாவின் களிமண் படிவுகளிலோ மொத்தமே 0.1 சதவீதம் என்கிற அளவு. ஆனாலும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கன அருமண் தேடுகிறவர்கள் அங்கேதான் போனார்கள். ஏனென்றால் அந்த மண்ணில் அருமண் அயனிகள் களிமண் துகளின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினால் கழன்று வந்துவிடும். அரைக்க வேண்டாம், வறுக்க வேண்டாம். இப்படிப்பட்ட மண்ணில் வலுவான அமிலத்தை ஊற்றினால் அலுமினியமும் இரும்பும் சேர்ந்து கரைந்து வந்து, பிறகு அவற்றை நீக்குவதே பெரும்பாடாகிவிடும். வேலை எளிது என்பதற்காக மலையிலேயே துளை போட்டு உப்புக் கரைசலை இறக்கியதன் விளைவும் தெரிந்ததுதான்: நிலத்தடி நீரில் அம்மோனியம் ஏறியது, ஊறிப்போன சரிவுகள் சரிந்தன.

அடுத்தது மாதிரியைச் சோதிக்கும்போது. மோனசைட், செனோடைம் என்ற அருமண் பாஸ்பேட் கனிமங்கள் சாதாரண அமிலத்துக்கு லேசில் மசியாது. பீக்கரின் அடியில் கொஞ்சம் கருமணல் தங்கியிருந்தால், 'அது வெறும் மண்' என்று வடிகட்டி எறிந்துவிடுவார்கள். எறிந்ததில்தான் சரக்கு இருக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்துக் கரைக்கப் பார்த்தால் இன்னும் மோசம். சிலிக்கா போகும், அருமண் கரையாத ஃபுளோரைடாக அடியில் உட்கார்ந்துகொள்ளும். லித்தியம் போரேட்டுடனோ சோடியம் பெராக்சைடுடனோ சேர்த்து உருக்கிக் கரைப்பதுதான் நம்பகமான வழி. பேரைட் (பேரியம் சல்பேட் கனிமம்) கலந்த தாதுவாக இருந்தால், அயனிகளை நிறையை வைத்து அடையாளம் காணும் ஐசிபி-எம்எஸ் கருவி காட்டும் யூரோப்பியத்தையும் உடனே நம்பிவிடக் கூடாது. பேரியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனிக்கும் யூரோப்பியத்துக்கும் ஒரே நிறை. 137-உடன் 16-ஐக் கூட்டிப் பாருங்கள், 153 வரும். இல்லாத யூரோப்பியம் தாளில் ஏறி உட்கார்வது இப்படித்தான்.

அரைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நைஸாக அரைத்தால் நல்லது என்று அரைத்துக்கொண்டே போகாதீர்கள். பாஸ்ட்னசைட் என்கிற அருமண் கனிமம் மென்மையானது. மாவாகிவிட்டால், கனிமத்தைக் காற்றுக் குமிழியில் ஒட்டவைத்து மேலே எடுக்கும் நுரை மிதப்புத் தொட்டியில் குமிழியைப் பிடிக்காமல் கழிவோடு போய்விடும்.

அமிலமும் சூடும்

பாஸ்ட்னசைட் என்பது கார்பனேட்டும் ஃபுளோரைடும் சேர்ந்த கனிமம். கார்பனேட்தானே, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் பொங்கிக் கரையும் என்று நினைப்போம். பொங்கும், உண்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு அருமண், கனிமத்திலேயே இருக்கிற ஃபுளோரினோடு சேர்ந்து கரையாத ஃபுளோரைடாக நின்றுவிடும். கணக்கு அப்படி. பொங்கி அடங்கியதைப் பார்த்துவிட்டு வினை முடிந்தது என்று எழுதிவைப்பது நானே செய்த தவறு. அந்த எச்சத்தைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து ஹைட்ராக்சைடாக்கினால் பிறகு அமிலத்தில் கரையும்.

முதலில் 600 டிகிரி செல்சியஸ் சுமாரில் வறுத்துவிடுவது இன்னொரு வழி. கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், சீரியம் மட்டும் நான்கு இணைதிற நிலைக்கு மாறிவிடும். பிறகு நீர்த்த அமிலம் ஊற்றினால் மற்றவை கரையும், சீரியம் பின்தங்கும். பாதி எடையை ஒரே படியில் ஒதுக்கிவிடும் அழகான வேலை இது. இதைக் கெடுப்பது அவசரம்தான். அமிலத்தைக் கெட்டியாக்கி, சூட்டையும் கூட்டினால், ஒதுங்கி நிற்க வேண்டிய சீரியமும் கரையத் தொடங்கும். அதோடு குளோரின் வாயுவும் கிளம்பும். வறுக்கும்போது சூட்டை அளவுக்கு மீறிக் கூட்டினால் நேர் எதிர்: ஆக்சைடு இறுகிப்போய், கரைய வேண்டியவையும் கரையாது.

மோனசைட் பாஸ்பேட் என்பதால் வேறு சமையல். கெட்டிக் கந்தக அமிலத்தில் 200 டிகிரி சுமாரில் வேகவைத்தால் அருமண்ணோடு தோரியமும் கரைசலுக்கு வரும். சூடு இன்னும் பல படி ஏறினால் தோரியம் கரையாத பாஸ்பேட்டாக எச்சத்திலேயே நிற்கும். இரண்டுமே நடைமுறையில் உள்ளவைதான். ஆனால் தோரியம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்யாமல் சூட்டை வைத்தால், பாதி இங்கே, பாதி அங்கே என்று இரண்டு கழிவையும் கதிரியக்கக் கழிவாக்கிவிடுவோம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கந்தக அமிலத்தில் வெந்த கட்டியைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். யாரானாலும் கை தானாக ஹாட்பிளேட்டின் சுவிட்சுக்குத்தான் போகும். என் கையும் போனது. கலங்கலாக இருந்த பீக்கர் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், சூடு ஏற ஏற, பால் திரிந்தாற்போல் வெள்ளைப் பொடி கூடிக்கொண்டே போகிறது. அருமண் சல்பேட்டுகளின் கரைதிறன் சூட்டில் குறையும். சர்க்கரைக்கும் உப்புக்கும் பழகிய நம் புத்திக்கு இது தலைகீழ். குளிர்ந்த தண்ணீர், நிறைய தண்ணீர், பொறுமையாகக் கலக்கல்: அவ்வளவுதான் மருந்து. அந்த வெள்ளைப் பொடியைக் கழிவு ஜிப்சம் என்று நினைத்து வடிகட்டிவிட்டால், மீட்பு விகிதம் ஏன் விழுந்தது என்று மறுநாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காரம் சேர்க்கும் கை

கரைசல் தயார். சரி, இப்போது இரும்பை நீக்க வேண்டும், பி.எச். அளவை மெல்ல ஏற்ற வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் காஸ்டிக் சோடா இருக்கும்; சல்பேட் கரைசலில் அதை ஊற்றுவதுதான் இந்தத் தொழிலில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சோடியமும் சல்பேட்டும் சேர்ந்து லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற லேசான அருமண்களை இரட்டை உப்பாகக் கீழே தள்ளிவிடும். நியோடிமியம் இரும்புச் சேற்றோடு குப்பைக்குப் போகும். வேண்டுமென்றே இப்படி வீழ்படிய வைப்பதும் உண்டு; கன அருமண் கரைசலில் தங்கும் என்பதால் பிரிப்புக்கு அது ஒரு வசதி. தெரிந்து செய்தால் உத்தி, தெரியாமல் செய்தால் நஷ்டம். இரும்பை மட்டும் நீக்க வேண்டுமென்றால் மெக்னீசியம் ஆக்சைடு போன்றது பாதுகாப்பு.

இரும்பு மூன்று இணைதிற நிலையில் இருந்தால்தான் பி.எச். 3, 4-க்குள் விழும். இரண்டு இணைதிற இரும்பு அசையாமல் நிற்கும். அதை விரட்டப் பி.எச்.-ஐ ஏற்றிக்கொண்டே போனால் அருமண்ணும் கூடவே விழும். ஆகவே முதலில் ஆக்சிஜனேற்றம், அப்புறம் காரம். அதையும் சொட்டுச் சொட்டாக. மீட்டர் 3.5 காட்டலாம், ஆனால் காரம் விழுகிற அந்த ஓர் அங்குலத்தில் பி.எச். 10 இருக்கும். அங்கே ஒருமுறை விழுந்த அருமண், இரும்புச் சேற்றுக்குள் மாட்டிக்கொண்டால் திரும்ப முழுதாகக் கரைந்து வராது.

தோரியம் போனால் கதிரியக்கம் போச்சா?

போகாது. தோரியத்தின் சிதைவுத் தொடரில் ரேடியம்-228 இருக்கிறது, அரை ஆயுள் 5.75 ஆண்டு. அது வேதியியலில் பேரியத்தின் உறவு, தோரியத்தோடு போகாது. குழாயின் உட்சுவரிலும் வடிகட்டியிலும் செதிலாகப் படியும். பேரியம் குளோரைடும் சல்பேட்டும் சேர்த்து ரேடியத்தைப் பேரியம் சல்பேட்டோடு இறக்குவது வழக்கமான முறை. யுரேனியம் கலந்த தாதுவில் இன்னொரு விருந்தாளி ஆக்டினியம்-227. அது லாந்தனத்தோடு ஒட்டிக்கொண்டு கடைசி வரை வரும். கழிவை எங்கே வைப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவின் புக்கிட் மேராவைச் சொல்லலாம். 1982-இல் தொடங்கிய ஆலை, தோரியக் கழிவை எதிர்த்த மக்கள் போராட்டத்துக்கும் வழக்குக்கும் பிறகு 1994-இல் மூடப்பட்டது. துப்புரவு வேலை அதன் பிறகும் பல ஆண்டுகள் நீண்டது.

தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிக்கும் இடத்தில் தேவைப்படுவது பொறுமை. 1911-இல் சார்லஸ் ஜேம்ஸ் தூய தூலியம் எடுக்க சுமார் 15,000 முறை படிகமாக்கினார். இன்று, நீரோடு கலக்காத கரைப்பானுக்குத் தனிமத்தை இழுத்துக்கொள்ளும் கரைப்பான் பிரித்தெடுத்தல் வந்துவிட்டது, ஆனால் நியோடிமியமும் பிரேசியோடிமியமும் ஒரு தொட்டியில் பிரிகிற அளவு மிகச் சொற்பம். அதனால்தான் நூற்றுக்கணக்கான தொட்டிகளை வரிசையாக வைக்கிறார்கள். அந்த வரிசை நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். நேற்று ஒரு வால்வைத் திருப்பினேன், இன்று தூய்மை ஏறவில்லை என்று மறுபடி திருப்புவது, குளியல் தொட்டியில் அலையை அடக்கக் கையால் தட்டுவது போல.

கடைசியில் ஆக்சாலிக் அமிலம் சேர்த்து வீழ்படிய வைத்து, சுட்டு, ஆக்சைடாக்கி எடை போடுவார்கள். அமிலத்தன்மை குறைவாக இருந்தால் கால்சியமும் ஆக்சலேட்டாக உள்ளே நுழைந்துவிடும். தனிமத்தின் எடையை ஆக்சைடின் எடை என்று எழுதிவிட்டால் ஏறக்குறைய 17 சதவீதம் பிசகும். லாந்தனம் ஆக்சைடை நேற்று சுட்டுவைத்த குப்பியிலிருந்து எடுத்து நிறுத்தினாலும் தப்புதான். அது காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி சுட்டு, உலர்கலத்தில் ஆறவைத்து, தராசின் கதவைச் சாத்திக்கொண்டு உடனே நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் விட்டால் கடைசி இலக்கம் மேலே நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.