வைட்டமின் டி கொடுத்தால் எலும்பு காப்பாற்றப்பட்டுவிடுமா?

நாட்பட்ட மூட்டழற்சி உள்ள குழந்தைக்கு வைட்டமின் டி தொடங்கியதும் எலும்பைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று பல பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கிறது. அழற்சி அடங்காதவரை, அதில் உருவாகும் வேதிப்பொருள்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிக்கொண்டே இருக்கும். வலி குறைந்ததும் அழற்சியை அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வைட்டமினை மட்டும் தொடர்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

அழற்சியை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டும் எலும்புக்கு எதிரிதான். குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது, சிறுநீரில் அதை வெளியேற்றுகிறது, புது எலும்பு உருவாவதையும் தடுக்கிறது. அதற்காகப் பயந்து திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வைட்டமின் டி அளவில் நேரும் குளறுபடி தனி ரகம். ஒரு பாட்டிலில் 1 மில்லியில் 400 அலகு (IU) இருக்கும். இன்னொன்றில் ஒரே துளியில் 400 அலகு. பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய கணக்கில் 1 மில்லி கொடுத்தால் 10,000 அலகைத் தாண்டிவிடக்கூடும். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு வழக்கமான தினசரித் தேவையோ 600 அலகுதான். வாரம் ஒருமுறைக்கான மருந்தைத் தினமும் கொடுத்துவிடுவதும் உண்டு. வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் ஆகியவை தெரிந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வைட்டமின் டி ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அது எந்த அளவீட்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 50 நானோமோல் என்பதும் ஒன்றே. கால்சியத்தையும் மறக்க வேண்டாம்: 4 முதல் 8 வயதுவரை நாளுக்கு 1,000 மில்லிகிராம், 9 முதல் 18 வரை 1,300 தேவை.

‘பாவம், ஓய்வெடுக்கட்டும்’ என்று விளையாட்டு வகுப்பிலிருந்து நிரந்தர விலக்கு வாங்கித் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. உடலின் எடையைத் தாங்கினால்தான் எலும்பு உறுதிப்படும். மூட்டு வீங்கியிருக்கும் நாட்களில் நிதானம் தேவை. மற்ற நாட்களில் நடக்கட்டும், ஓடட்டும்.

ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தை முதுகு வலிக்கிறது என்றால் புத்தகப்பையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். கீழே விழாமலேயே முதுகெலும்பு நொறுங்கியிருக்கக்கூடும். சில சமயம் வலிகூட இருக்காது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்தால் பார்க்க வேண்டியது, அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் (Z) மதிப்பு. இளம் வயதுப் பெரியவர்களோடு ஒப்பிடும் டி (T) மதிப்பு பெரியவர்களுக்கானது. குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டால் இசட் மதிப்பும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். உயரத்துக்கேற்பச் சரிசெய்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.