சரோயனை இப்போ படிக்க ஆரம்பிக்கிறவங்க பண்ணக் கூடாத தப்புகள்

வில்லியம் சரோயன்னு சொன்னா இன்னைக்கு நிறைய பேர் யாருன்னு கேக்குறாங்க, சிபிஎஸ்இல 11ஆவது படிச்சவங்க மட்டும் "அந்த வெள்ளைக் குதிரை கதை எழுதினவர்தானே"ன்னு சொல்லுவாங்க. ஆனா 1930கள்ல அமெரிக்கச் சிறுகதைன்னாலே இவர் பேர் வராம இருக்காது. 1934 ஜனவரி மாசம் முழுக்க தினம் ஒரு கதை அனுப்புறேன்னு 'ஸ்டோரி' பத்திரிகை எடிட்டர்களுக்கு லெட்டர் போட்டுட்டு, சொன்ன மாதிரியே அனுப்பினவர். அதே வருஷம் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் அவரோட முதல் தொகுப்பான 'தி டேரிங் யங் மேன் ஆன் தி ஃப்ளையிங் ட்ரபீஸ்' புத்தகத்தைப் போட்டுது. 1940ல நாடகத்துக்கு புலிட்சர் பரிசு குடுத்தாங்க, கலையை எடை போட வியாபாரத்துக்கு உரிமை இல்லைன்னு சொல்லி வாங்க மறுத்துட்டார். 1943ல வந்த 'தி ஹியூமன் காமெடி' படத்தோட கதைக்கு ஆஸ்கரும் கெடச்சுது. இப்பேர்ப்பட்ட ஆளு எப்படி மறந்து போனார்னு யோசிச்சு ஆர்வத்தோட தேடிப் போறவங்க பாதியில விட்டுட்டு வர்றதைப் பாத்திருக்கேன், அதுக்குக் காரணம் பெரும்பாலும் அவர் எழுத்து இல்ல, நாம அதுக்குள்ள போற வழிதான்.

முதல் தப்பு, பரிசு லிஸ்ட்டைப் பாத்து ஆரம்பிக்கிறது. புலிட்சர்னு இருக்கேன்னு 'தி டைம் ஆஃப் யுவர் லைஃப்' நாடகத்தை எடுப்பாங்க, இல்லேன்னா ஆஸ்கர் படத்தோட நாவலை எடுப்பாங்க. அந்த நாவல், படத்துக்காக எழுதின கதையை வச்சு அவசரமா எழுதி வெளியிட்டது, அதுல நல்ல இடங்கள் இருக்கு, ஆனா எல்லாரும் நல்லவங்களா இருக்கிற அந்த ஊரு கொஞ்ச நேரத்துல திகட்டிடும். சரோயன் ரொம்ப எழுதினவர், வேகமா எழுதினவர், திருத்துறதுல அவ்வளவா நம்பிக்கை இல்லாதவர், அதனால அவர் எழுத்து ஒரே தரத்துல இருக்காது. இதை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா பிரச்சனை இல்ல. 1934ல இருந்து 1940 வரைக்கும் வந்த சிறுகதைகள், அதுல இருந்து ஆரம்பிங்க. முதல் தொகுப்பும் 'மை நேம் இஸ் அராம்' தொகுப்பும் போதும், மத்ததெல்லாம் பிறகு.

ரெண்டாவது, கதையில என்ன நடக்குதுன்னு மட்டும் தேடுறது. கடைசி வரியில ஒரு திருப்பம் வரும்னு காத்திருந்தா ஏமாந்துதான் போவீங்க. முதல் தொகுப்போட தலைப்புக் கதையில ஒரு இளம் எழுத்தாளன் பசியோட சான் ஃபிரான்சிஸ்கோ தெருவுல நடக்குறான், சாக்கடை ஓரத்துல 1923னு போட்ட ஒரு பென்னி கெடைக்குது, அதை உள்ளங்கையில வச்சுப் பாக்குறான், அதுல இருக்கிற லிங்கன் முகத்தைப் பாக்குறான், அப்புறம் ரூமுக்கு வந்து அந்தக் காசைத் தேய்ச்சுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்குறான், செத்துப் போறான். அவ்வளவுதான் கதை. பொருளாதார மந்தம் உச்சத்துல இருந்த காலத்துல, வேலை இல்லாம அலைஞ்ச ஜனங்க இதைப் படிச்சப்போ அவங்களுக்கு திருப்பம் தேவைப்படல. ஒண்ணுக்கும் உதவாத ஒரு காசை ஒருத்தன் இவ்வளவு அக்கறையா பாக்குறானேன்னு அந்த இடத்துல நின்னு படிச்சா கதை புடிபடும், அடுத்து என்னன்னு ஓடினா ஒண்ணுமே கெடைக்காது.

மூணாவது தப்புதான் எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கு, வெள்ளைக் குதிரை கதையை ஸ்கூல் பாடமாவே நினைச்சு வச்சிருக்கிறது. என்சிஇஆர்டி 'ஸ்னாப்ஷாட்ஸ்' புத்தகத்துல முதல் பாடமே அதுதான், பசங்க குதிரையைத் திருப்பிக் குடுத்தது மனசாட்சி உறுத்தினதாலயா பயத்தாலயான்னு ஒரு கேள்வி, அதுக்கு ஒரு கைடு பதில், பரீட்சை முடிஞ்சதும் கதையும் முடிஞ்சுது. 'மை நேம் இஸ் அராம்' தொகுப்புல இருக்கிற கதைதான் அது, திரும்ப ஒரு தடவை எடுத்துப் படிங்க. பரம ஏழையான ஒரு ஆர்மீனியக் குடும்பம், நாணயத்துக்குப் பேர் போன வம்சம், அந்த வீட்டுப் பசங்க அராமும் மூராதும் பக்கத்துல இருக்கிற அசீரிய விவசாயி ஜான் பைரோவோட குதிரையை எடுத்துட்டு வந்து ஒளிச்சு வச்சு தினமும் விடியக்காலையில ஓட்டுறாங்க. ஒரு நாள் வழியில பைரோவே எதிர்ல வந்துடுறார். குதிரையோட வாயைத் தொறந்து பல்லைப் பாக்குறார். ஒவ்வொரு பல்லும் அவர் குதிரையோட பல்லுதான். ஆனா அவர் சொல்றது என்னன்னா, உங்க அப்பா அம்மாவை எனக்குத் தெரியாம இருந்தா இது என் குதிரைன்னு சத்தியமே பண்ணியிருப்பேன், சந்தேகப்படுற ஆளுதான் மனசை விட்டுட்டு கண்ணை நம்புவான்னு சொல்லிட்டு வணக்கம் வச்சுட்டுப் போயிடுறார். அவருக்கு எல்லாமே தெரியும். பசங்களுக்கும் தெரியும் அவருக்குத் தெரியும்னு. ஒரு குடும்பத்தோட மானத்தைக் காப்பாத்திக்கிட்டே தன் குதிரையையும் திரும்ப வாங்குறதுக்கு அந்த மனுஷன் பேசுற ரெண்டு வாக்கியம் இருக்கே, அதுக்காகவே எழுதின கதை இது. மனசாட்சியா பயமான்னு கேட்டா இந்த இடமே கைவிட்டுப் போயிடுது.

அப்புறம் 'சரோயனா, இனிப்பா எழுதுவாரு, உருகுவாரு'ன்னு ஒரு முத்திரை இருக்கு. இது புதுசு இல்ல, அவர் காலத்துலயே விமர்சகர்கள் குத்தினதுதான், ஹெமிங்வே 1935ல எஸ்கொயர் பத்திரிகையில அவரை நேராவே தாக்கி எழுதினார். பிற்காலத்துல எழுதின சில புத்தகங்களுக்கு அந்த முத்திரை பொருந்தும்னு நானும் ஒத்துக்கிறேன். ஆனா முதல் தொகுப்புல 'செவன்டி தவுசண்ட் அசீரியன்ஸ்'னு ஒரு கதை இருக்கு, அதைப் படிச்சிட்டு யாரும் அப்படிச் சொல்ல முடியாது. கம்மி காசுல முடி வெட்டிக்க, வேலை கத்துக் குடுக்குற பார்பர் காலேஜுக்குப் போறான் கதை சொல்றவன். வெட்டுற பையன் பேரு பாதல், அசீரியன். பேச்சுவாக்குல சொல்றான், ஒரு காலத்துல பெரிய இனமா இருந்தோம், இப்போ உலகம் முழுக்க எழுபதாயிரம் பேர்தான் மிச்சம், போன மாசம்கூட எங்க ஆளுங்க எழுபது பேரைக் கொன்னாங்க, பேப்பர்ல ஒரு சின்ன பத்தி வந்துதுன்னு. 1933ல ஈராக்ல சிமெலே பகுதியில அசீரியர்களைக் கொன்னு குவிச்சாங்க, அடுத்த வருஷம் இந்தக் கதை புத்தகத்துல வந்துடுச்சு. ஒப்பாரி இல்ல, கோஷம் இல்ல, கத்தரி சத்தத்துக்கு நடுவுல ஒரு இனம் அழிஞ்சுக்கிட்டிருக்கிற சேதி வருது.

அராம் கதைகள்லயும் இது உண்டு, சிரிச்சுக்கிட்டே படிக்கிறதால கண்ணுல படாது. மாமா மெலிக் பாலைவனத்துல 680 ஏக்கர் வாங்கி மாதுளைத் தோட்டம் போடுறேன்னு கிளம்புறார், தண்ணி கெடைக்காது, கஷ்டப்பட்டு வந்த கொஞ்சம் பழத்தை சிகாகோவுக்கு அனுப்பினா விலை போகாம திரும்பி வருது, கடைசியில நிலமும் போகுது. சில வருஷம் கழிச்சு மாமாவும் அராமும் போய்ப் பாக்குறாங்க, மரமெல்லாம் காஞ்சு கிடக்கு. திரும்பி வர்ற வழி முழுக்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல, சொல்றதுக்கு அவ்வளவு இருந்துச்சு, சொல்ல மொழிதான் இல்லன்னு கதை முடியுது. ஊரை விட்டு வந்த ஒரு ஜனம் புது மண்ணுல பழைய தோட்டத்தை நட்டுப் பாத்து தோத்த கதை அது, மாமா கோமாளித்தனம் மட்டும் இல்ல.

இதோட சேர்ந்து வர்றது, அராம்தான் சரோயன், இதெல்லாம் அப்படியே நடந்ததுன்னு நம்புறது. நான்தான் அராமான்னு என்னால சரியா சொல்ல முடியாதுன்னு அந்தப் புத்தகத்தோட முன்குறிப்புலயே எழுதியிருக்கார். அவர் வாழ்க்கையைப் பாத்தா இது ஏன் முக்கியம்னு புரியும். ஒட்டோமான் பேரரசுல இருந்த பித்லிஸ் நகரத்துல இருந்து வந்த ஆர்மீனியப் பெத்தவங்களுக்கு 1908ல கலிஃபோர்னியாவுல ஃப்ரெஸ்னோவுல பொறந்தார். 1911ல அப்பா செத்துட்டார், அம்மாவால நாலு பிள்ளைகளை வச்சுக் காப்பாத்த முடியல, ஓக்லாண்ட்ல ஒரு அனாதை இல்லத்துல விட்டுட்டு வேலைக்குப் போனாங்க. குடும்பம் திரும்ப ஒண்ணு சேர்ந்தப்போ சரோயனுக்கு ஏழெட்டு வயசு. அராமுக்கு இருக்கிற மாதிரி வீடு நிறைய மாமாக்கள், பாட்டி, காபி, சண்டை, சத்தம், இதெல்லாம் அந்த அஞ்சு வருஷம் இந்தப் பிள்ளைக்குக் கெடைக்கவே இல்ல. அதை நெஞ்சுல வச்சுக்கிட்டு படிச்சா அந்தக் கதைகளோட சந்தோஷம் வேற மாதிரி தெரியும், இல்லாததை ஒருத்தர் உக்காந்து ஒவ்வொண்ணா உண்டாக்கி வச்சிருக்கார்.

அவரோட சூதாட்டம், குடி, ஒரே பெண்ணை ரெண்டு தடவை கல்யாணம் பண்ணி ரெண்டு தடவையும் விவாகரத்து, இதையெல்லாம் முதல்ல படிச்சிட்டு கதைக்கு வராதீங்க. அந்த விஷயங்கள் உண்மைதான், ஆனா அது பெரும்பாலும் 1940கள், 50களோட கதை, நான் சொன்ன கதைகள் அதுக்கு முன்னாடியே எழுதி முடிச்சாச்சு.

கடைசியா அந்த போஸ்டர். இந்த இனத்தை எந்த வல்லரசாவது அழிச்சுப் பாக்கட்டும்னு ஆரம்பிச்சு, ரெண்டு ஆர்மீனியர் எங்க சந்திச்சாலும் ஒரு புது ஆர்மீனியாவை உருவாக்குவாங்கன்னு முடியுற வரிகள், சரோயன் பேர்ல எங்க பாத்தாலும் சுத்துது. அந்த முடிவு அவர் எழுதினது இல்ல, பின்னாடி யாரோ மாத்தினது. மூலத்துல ரஷ்யாவுல ரோஸ்தோவ் நகரத்துல ராத்திரி ஒரு பீர் கடையைத் தாண்டிப் போறப்போ வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு வெய்ட்டரைப் பாத்து, இவன் நம்ம ஆளுதான்னு புரிஞ்சு, உள்ள போய் தாய்மொழியில "கடவுள் உன் வீட்டை நாசமாக்க, எப்படி இருக்கே"ன்னு கேக்குறார். நம்ம பாட்டிங்க "நாசமாப் போறவனே, சாப்டியாடா"ன்னு கொஞ்சுற மாதிரிதான் அது. ரெண்டு பேரும் முழங்காலைத் தட்டிச் சிரிக்கிறாங்க, உலகத்தோட பெரிய பெரிய கொள்கைகளைக் கிண்டல் பண்ணிப் பேசிக்கிட்டு நிக்கிறாங்க, முடிஞ்சா இவங்களை அழிச்சுப் பாருங்கடான்னு கெட்ட வார்த்தையில திட்டி முடிக்கிறார். புது நாடும் இல்ல, கொடியும் இல்ல, பீர் கடையில ரெண்டு பேர் பேசுற பேச்சு மட்டும்தான். 'தி ஆர்மீனியன் அண்ட் தி ஆர்மீனியன்'னு தலைப்பு, 1936ல வந்த 'இன்ஹேல் அண்ட் எக்ஸ்ஹேல்' தொகுப்புல இருக்கு, ரொம்பக் குட்டிதான், அதைத் தேடிப் படிச்சிட்டு அப்புறம் ஷேர் பண்ணுங்க.